கல்லுக்குழி நிறையவில்லை

முதல் பத்து நிமிஷம், நிமிஷத்துக்கு ஒரு தரம் அளக்க வேண்டும், அதனால் எதையும் நினைக்க நேரமிருக்காது என்பதுதான் சிவமலைக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி. ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தியபோது மணி ஒன்பது ஏழு. ஆழ்துளைப் போர்க்குழாய்க்குள் நாடாவை விட்டான். நாடாவின் நுனியிலிருக்கும் உலோகக் குண்டு தண்ணீரைத் தொட்டால் கையிலிருக்கும் சக்கரம் கீ என்று கத்தும். கத்தியது. சும்மா இருந்த தண்ணீர் 14.20 மீட்டரில் இருந்தது, இப்போது 15.05, எழுது, 15.61, எழுது, 16.02. வேலிக்கு அந்தப் பக்கம் மருந்தடிக்கிற டேங்கைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அண்ணன் நல்லசிவம் உட்கார்ந்திருந்தார், பார்க்காதே, 16.40. அவருக்குப் பின்னால் அப்பா வெட்டிய கிணறு, கிணற்றுப் படியில் பூங்கோதை அண்ணி, அண்ணி கையில் சாண் சாணாக வெட்டுப் போட்ட மூங்கில். கிணற்றுச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு நேற்றுச் சாயங்காலம் அண்ணனே இறங்கிச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருந்தார். பேச்சு இதுதான்: ஆறு மணி நேரம் இவன் போர் ஓடும். அதற்குள் அந்தக் கோட்டிலிருந்து ஒரு முழம் தண்ணீர் இறங்கினால் போர் தன் கிணற்றை உறிஞ்சுகிறது என்று அண்ணன் சொன்னது நிஜம், இவன் போரை மூடி போட்டு மூடிவிட வேண்டும். இறங்காவிட்டால் அண்ணன் இனிமேல் வாய் திறக்கக் கூடாது. தாய்மாமன் முன்னால் இரண்டு பேரும் தலையாட்டியது. மூன்று ஏழு வரைக்கும். 16.71, எழுது.

பதினோராவது நிமிஷத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. அந்த ஐந்து நிமிஷம் போதும், எதெல்லாம் வரக் கூடாதோ அதெல்லாம் வந்துவிடும். அண்ணன் வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டது எவ்வளவு அபத்தம், அவர்தான் இரண்டு வருஷமாகத் திறக்கவே இல்லையே. இவனிடம் சொல்ல வேண்டியதை அண்ணியிடம் சொல்வார், இவன் காதில் விழுகிற சத்தத்தில். இப்போதும் சொன்னார். "ஏம்புள்ள, கள்ளிக்குத் தண்ணி கட்டறவன இந்த ஊர்ல நீ பாத்திருக்கறயா? பாலைவனத்துல இருபத்தோரு வருசம் இருந்துட்டு வந்து அதே கள்ளியத்தான் நட்டிருக்கறான்." அண்ணி சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள், சிரித்தது தெரிந்தது. டிராகன் பழம், கள்ளி ஜாதிதான், மறுக்க முடியாது. நானூறு கல்தூண், தூணுக்கு நாலு செடி, சொட்டு நீர், இந்த மேட்டுக்காட்டில் வேறு எது வரும். மேட்டுக்காடு இவனுக்கு என்று அப்பா சொன்ன நாள். சணல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். கிணறும் பள்ளக்காடும் பெரியவனுக்கு, மேடு சின்னவனுக்கு, அவன் சம்பாதிக்கறான், அவனுக்கெதுக்குத் தண்ணி. இவன் அப்போது லீவில் வந்திருந்தான், சென்ட் வாசனையோடு நின்றான், பெருந்தன்மையாகச் சிரித்தான்கூட. அவனுக்கெதுக்குத் தண்ணி. கீ. 17.88. அந்தச் சிரிப்பை இன்றைக்கு யாராவது திருப்பிக் கொடுத்தால் வாங்கிக் கிழித்துப் போடலாம். வேலை போய் வந்த பிறகு நிற்பதற்கு மிஞ்சியது இந்த மேடுதான். கோயம்புத்தூர் அப்பார்ட்மெண்டில் மனைவியும் மகளும் இவன் இல்லாமல் ஓடப் பழகியிருந்தார்கள், அங்கே போனால் விருந்தாளியைப் போல எந்தத் துண்டில் முகம் துடைப்பது என்று கேட்க வேண்டியிருந்தது. போர் வண்டி வந்து முந்நூற்றுப் பத்தாவது அடியில் பாறை வெடிப்பைத் தொட்டுத் தண்ணீர் பொங்கிய அன்றைக்குச் சேற்றை முகத்தில் அப்பிக்கொண்டு நின்றான், நாற்பத்தேழு வயதில். அடுத்த சித்திரையில் அண்ணன் கிணறு ஆறடி இறங்கியது. கத்தினார், "உன்ற போர் என்ற கெணத்த உறியுதுடா!" அதுதான் கடைசி டா. இவன் பதில் சொன்னான், நிதானமாக, படித்தவன் பதில்: "இல்லீங்ணா, கெணறு நாப்பதடி, போரு முந்நூறடி. நடுவுல இருக்கறது ஒரே பாறைங். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லீங்." சொல்லும்போதே வாய்க்குள் ஏதோ கசந்தது. பாறையில் சம்பந்தமில்லாதது எதுவும் இல்லை என்று நிரூபிக்கத்தான் எண்ணெய்க் கம்பெனியில் இருபத்தோரு வருஷம் சம்பளம் வாங்கியிருந்தான்.

"கோடு அப்படியே இருக்குதுங் தம்பி" என்று படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். பத்து மணி. எழுதினான். "அப்படியேதான் இருக்குதாமா?" என்று அண்ணன் அவளைக் கேட்டார், அவள் சொன்னது அவருக்கும்தான் கேட்டிருந்தது.

இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒன்று. வெயில் தூண்களின் நிழலைச் சுருட்டிக்கொண்டிருந்தது. சப்மெர்சிபிள் மோட்டார் அடியாழத்தில் முனகுவது குழாயைத் தொட்டால் உள்ளங்கையில் தெரிந்தது, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி. வேண்டாம், உவமை வேண்டாம், உவமையால் கெட்டவன் இவன். பதினொன்றாம் வகுப்பில் பொன்னுசாமி வாத்தியார் பலகையில் எழுதியது: நுண்துளைமை என்றால் பாறை எவ்வளவு வைத்திருக்கிறது, ஊடுருவுதன்மை என்றால் எவ்வளவு விடுகிறது. பிறகு காலேஜில் அதையே இங்கிலீஷில் படித்தபோது ஏதோ குறைந்துபோனது, வைத்திருப்பதும் விடுவதும் போய்விட்டது, இரண்டு எண்கள் மட்டும் மிஞ்சின. எண்கள் நல்லவை. எண்கள் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. வெடிப்புள்ள பாறைக்கு எல்லாமே இரண்டிரண்டு: கெட்டிப் பாறைக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய துளைகள், அதில்தான் சரக்கு இருக்கும், ஆனால் லேசில் விடாது. வெடிப்பில் ஒன்றுமே தங்காது, ஆனால் ஓடும், கண்மூடித்தனமாக ஓடும். முதலில் வெடிப்பு காலியாகும், நாடாவில் மட்டம் மளமளவென்று இறங்கும். அப்புறம் கெட்டிப் பாறை மனசு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்புக்குள் கசியத் தொடங்கினால் இறக்கம் நிற்கும், காகிதத்தில் கோடு படுத்துக்கொள்ளும். அந்தப் படுக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது வந்தால் இந்த மேட்டுக்கு அடியில் இவனுக்கென்று ஒரு சேமிப்பு இருக்கிறது, யார் கிணற்றிலிருந்தும் திருடியதில்லை. 21.30. 21.52. 21.60. பதினொன்றே காலுக்கு 21.61. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தான். கீ. 21.61. கோடு படுத்துவிட்டது. நெஞ்சுக்குள் சூடாக ஏதோ விரிந்தது. அண்ணனைப் பார்த்தான், அண்ணன் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், இடது கண்ணோரத்தில் தழும்பு, பதினாறு வயதில் கிணற்றுக்குள் வெடி வைத்தபோது தெறித்த கல். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார்கள் அவரை, கல் உடைக்க ஆள் வேண்டுமென்று. இவனை நிறுத்தவில்லை. அவர் உடைத்த பாறையைப் பற்றி இவன் படித்தான். இதை எத்தனை தரம் நினைத்திருப்பான், நினைத்து நினைத்துத் தேய்ந்துபோய் இப்போது அது குற்ற உணர்ச்சிகூட இல்லை, பல்லில் சிக்கிய நார், நாக்கு தானாகப் போய்த் தொடும்.

அந்தப் பெட்டிகள். பாலைவனத்துக்கு அடியிலிருந்து சுண்ணாம்புப் பாறையை உருளை உருளையாக வெட்டியெடுத்து மூன்றடிப் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். வெடிப்பு இல்லாத இடத்தில் பாறை முழு உருளையாக வரும், மழமழவென்று, பார்க்கவே ஆசையாக இருக்கும். வெடிப்பு இருந்த இடம் நொறுங்கித்தான் வரும், அதைப் பிளாஸ்டிக் பையில் அள்ளி, நொறுங்கல் என்று சீட்டு ஒட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். லேபில் அளக்க முழுத் துண்டுதான் வேண்டும். அளந்தார்கள். பாறை கெட்டி, எண்ணெயைத் தள்ள ஓரத்தில் இறக்குகிற தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், எண்ணெய்க் கிணறுகளை எட்டப் பதினைந்து வருஷமாகும் என்று அறிக்கை தயாரானது, கடைசிப் பக்கத்தில் இவன் கையெழுத்து. மூலையிலிருந்த பைகள் இவனுக்குத் தெரியும். ஒரு நாள் ஒன்றை எடுத்துக் குலுக்கிக்கூடப் பார்த்தான், சோழி மாதிரி சத்தம் கேட்டது, திரும்ப வைத்துவிட்டான். மூன்றே வருஷத்தில் தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியாக வந்து பாதி எண்ணெய் வயலைக் குடித்தது. விசாரணையில் இவன் சொன்னது ஒரே வாக்கியம்: அளந்ததைத்தான் எழுதினேன். யாரும் மறுக்கவில்லை, நிஜம்தானே. ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பிக்கவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் போதும்னு வந்துட்டேன் என்றான். உடையாததை மட்டும் அளந்து உடைந்ததைப் பையில் போட்டுக் கட்டுவது, வாழ்க்கை முழுக்க வேறென்ன செய்தோம், சே, மறுபடியும் உவமை. 21.60.

அரை மணிக்கு ஒன்று என்றாகிவிட்டிருந்தது. பன்னிரண்டரைக்கு அண்ணி எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, "தம்பீ, கோட்டுக்கு மேல ஒரு வெரக்கடை ஏறியிருக்குதுங்!" என்று கூவினாள். ஒரு விரல் அகலம் ஏறியிருக்கிறதா. "நல்லாப் பாருங் அண்ணி" என்றான். "நல்லாத்தான் பாத்தனுங். பெயிண்டு தண்ணிக்குள்ள கெடக்குது." அண்ணன் டேங்கிலிருந்து எழுந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் முதுகு ஒரு சுற்று சிறுத்திருந்தது. சிவமலைக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாத சந்தோஷம், தொண்டை வரைக்கும். சொன்னேனே, சம்பந்தமில்லை என்று சொன்னேனே, அப்பா, பார்த்தீர்களா, எனக்கெதற்குத் தண்ணீர் என்றீர்களே. ஏறுவானேன் என்ற கேள்வி அந்தச் சந்தோஷத்துக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்தது, தட்டிவிட்டான். ஒன்றும் நடக்காத கிணற்றில் மட்டம் அப்படியே இருக்கும். ஏறாது. அடைமழை இல்லை, ஐப்பசி மழைகூட இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. ஏறுவானேன். இறங்காமல் இருந்தால் போதும், ஏறினால் இன்னும் நல்லது, விடு. ஒரு மணிக்கு அண்ணி சும்மா பேச்சுவாக்கில், இவனிடமா புருஷனிடமா என்று தெரியாத மாதிரி சொன்னாள்: "மழை பேஞ்ச மக்யாநாளாட்ட மேக்குச் செவுத்துல கசியுதுங். கெண்டக்கால் நனையுது."

மேற்குச் சுவர், மழைக்கு மறுநாள் போல. மேற்கில் என்ன இருக்கிறது. மேற்கில் வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் நாலு தூண், அப்புறம் கல்லுக்குழி. கிணற்றுக்குக் கட்டுக்கல் எடுக்க அப்பாவும் அண்ணனும் வெடி வைத்த குழி, இருபதடி அகலம், ஆளுயரம். போரிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைத் தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது இந்தச் சோதனையின் பாலபாடம், முந்நூறு மீட்டராவது தள்ளி. இவனிடம் அறுபது மீட்டர் ஓஸ் குழாய்தான் இருந்தது. வடக்கே விட்டால் செடி அழுகும், தெற்கே வண்டித்தடம் சேறாகும், மாமன் வருகிறார், கார் மாட்டிக்கொள்ளும் என்று யோசித்து, கையருகில் குழி இருக்கவே ஓஸ் நுனியை அதில் போட்டுவிட்டு வந்தான், காலையில், அரைத் தூக்கத்தில். மாமன் வரவுமில்லை. நடந்தான். நடக்கும்போதே கணக்கு வந்துவிட்டது, வேண்டாமென்றாலும் வரும்: விநாடிக்கு மூன்று லிட்டர், நாலு மணி நேரம், நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல். குழியில் இடுப்பைத் தாண்டியிருக்க வேண்டும். விளிம்பில் நின்று பார்த்தான். அடியில் பாதம் நனையும் அளவுக்குக் கலங்கல், அவ்வளவுதான். ஓஸ் வாயிலிருந்து வெள்ளையாகக் கொட்டிய தண்ணீர் குழியின் கிழக்கு மூலையில் ஒரு விரல் அகல வெடிப்பைத் தேடிப் போய், சத்தமே இல்லாமல், வீட்டுக்குள் நுழைகிற சொந்தக்காரன் மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெடிப்பு கிழக்கே போயிற்று. கிழக்கே கிணறு. கிணற்றிலிருந்து அடியில் போர். போரிலிருந்து ஓஸ். ஓஸிலிருந்து குழி. நாலு மணி நேரமாக ஒரே தண்ணீர். 21.61 என்று இவன் நெஞ்சு சூடாகி எழுதியது பாறை மனசு வைத்துக் கொடுத்ததல்ல, இவனே ஊற்றியதை இவனே குடித்தது. அங்கே உட்கார்ந்துவிட்டான். வெடி வைத்த கற்சுவரில் துளைத் தடங்கள் வரிசையாக இருந்தன, பதினாறு வயசுக் கை அடித்த துளைகள். யாருக்கும் தெரியாது. அண்ணன் வேலி தாண்டி இந்தப் பக்கம் காலே வைக்க மாட்டார். அண்ணிக்கு எட்டாது. இன்னும் இரண்டு மணி நேரம் இப்படியே ஓடட்டும், மூன்று ஏழுக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அளந்ததைத்தான் எழுதினேன். அதுவும் நிஜமாகவே இருக்கும், அதுதான் பயமாக இருந்தது, இரண்டாம் தரமும் நிஜமாகவே இருக்கும்.

திரும்பி வந்தபோது அண்ணன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தைப் பார்க்காமல், இவன் தோளுக்குப் பக்கத்தில் காற்றைப் பார்த்துப் பேசினார். "கெணறு எறங்கல. ஏறித்தான் இருக்குது. நாஞ் சொன்னது தப்புத்தான். மாமங்கிட்டயும் சொல்லீர்றேன்." இரண்டு வருஷத்தில் முதல் தரம். குரல் கரகரத்தது, அதை மறைக்கத் துப்பினார். "மூணு மணி வரைக்கும் எதுக்குக் கரண்டு போக்கற, நிறுத்தீரு." நிறுத்திவிடலாம். அவரே சொல்கிறார். பள்ளக்காட்டில் அவருடைய மூன்று ஏக்கர் மஞ்சள் இடுப்புயரம் நின்றது, தை வரைக்கும் தண்ணீர் வேண்டும். இவன் போர் தினமும் ஓடினால், சொட்டு நீருக்குப் போகிற தண்ணீர் குழிக்குத் திரும்பாது, கிணறு கார்த்திகையிலேயே வற்றும், அப்போது அவரால் வாய் திறக்க முடியாது, இன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டுவிட்டாரே. சிவமலைக்குப் பிளாஸ்டிக் பையின் சோழிச் சத்தம் கேட்டது, எங்கிருந்தோ. "இல்லீங்ணா" என்றான். "உங்க கெணத்துல ஏறுனது என்ற தண்ணீங். ஓஸ கல்லுக்குழில உட்டுட்டனுங், அது வெடிப்புல பூந்து உங்க கெணத்துக்கு வந்திருக்குது. டெஸ்ட்டு தப்புங்."

அண்ணன் இப்போதுதான் இவன் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு, இவனைவிட வேகமாக, அந்தக் குழிக்கும் அந்தச் சுவருக்கும் உள்ள சம்பந்தம் அவர் கைக்குத் தெரியாததா. ஆனால் முகத்தில் வந்தது அது இல்லை. "அப்ப என்ற கெணத்துல கெடக்கறதும் உன்ற தண்ணியா?" என்றார், மெதுவாக. "எங்கப்பன் குடுத்த கெணறு. நான் ஒடச்ச கல்லு. அதுக்குள்ள ஏறுன தண்ணியும் நீ ஊத்துனது. சொல்லிக் காட்றதுக்குத்தான் நாலு மணி நேரம் உக்கார வெச்சயா?" "அது இல்லீங்ணா, நாஞ் சொல்ல வந்தது..." "என்ன சொல்ல வந்த? பிச்சையெடுத்தவன் நான், போட்டவன் நீ. அதான?" கிணற்றுப் பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, மேல ஏறி வா. அது நம்ம தண்ணி இல்லியாமா" என்றார். அண்ணி ஏறவில்லை. மூங்கிலைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டைய அப்பறம் போடுங். அளக்கறதா, வேண்டாமா, அதச் சொல்லுங் மொதல்ல" என்றாள்.

அளக்க வேண்டும். சிவமலை ஓஸைத் தோளில் போட்டு இழுத்தான். தண்ணீர் நிறைந்த ஓஸ் மலைப்பாம்பு கனம் கனத்தது, இரண்டு தூணில் சிக்கி மூன்று செடியை ஒடித்தது, சட்டை முழுக்கச் சேறு. தெற்கே வண்டித்தடத்தில் கொண்டுபோய்ப் போட்டான். இறுகிய களிமண்ணில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் ஓடியது, யாருக்கும் இல்லாமல். ஒன்று நாற்பது. நாடாவை விட்டான், 21.94, எழுது. வெட்கம், கோபம், உண்மையைச் சொன்னவனுக்கு இதுவா என்கிற சுய இரக்கம், அதற்குள்ளேயே ஒரு சின்னக் கணக்குப் பிள்ளை உட்கார்ந்து மூன்று ஏழுக்கு இன்னும் எண்பத்தேழு நிமிஷம்தான், முழம் இறங்காமலும் போகலாம், அப்போது நீ நேர்மையானவனும் ஆவாய், ஜெயித்தவனும் ஆவாய் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனை அடித்து விரட்ட முடியவில்லை. 22.80. இரண்டு மணிக்கு அண்ணி "கோடு வெளிய வந்திருச்சுங்" என்றாள். இரண்டே காலுக்கு "நாலு வெரக்கடை". 24.15. படுக்கை போய்விட்டது, கோடு தலைகீழாக இறங்கியது, கெட்டிப் பாறை எதையும் கொடுக்கவில்லை, ஒரு சொட்டுக்கூட மனசு வைக்கவில்லை. இரண்டரைக்கு "ஒரு சாணுங் தம்பி" என்றபோது அண்ணியின் குரலில் வருத்தம் இருந்தது, அது யாருக்காக என்று தெரியவில்லை. அவள் புருஷன் ஜெயித்துக்கொண்டிருந்தார். டேங்கில் அவர் இல்லை. கிணற்று மேட்டிலும் இல்லை. இரண்டே முக்காலுக்கு ஒரு சாண் நாலு விரல். மூன்று மணிக்குக் குரலே வரவில்லை. சிவமலை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கணக்குப் பிள்ளை, அண்ணி மறந்துவிட்டாள், ஏழு நிமிஷம்தான், அழுத்து, என்றான். மோட்டார் முனகியது. மூன்று ஒன்று. மூன்று இரண்டு.

"மொழம் தாண்டிருச்சுடா" என்றது கிணற்றுக்குள்ளிருந்து, அடியிலிருந்து, சுவரில் மோதிக் கரகரத்து. அண்ணி மேலே நின்றுகொண்டிருந்தாள், கையில் மூங்கில் இல்லை.

அந்த டா எந்த டா என்று சிவமலைக்குப் பிடிபடவில்லை. ஜெயித்ததா, கரித்ததா, வெறும் பழக்கமா, கிணற்றுக்குள்ளிருந்து வரும்போது எல்லாம் ஒரே குரலாகத்தான் இருக்கும். மூன்று இரண்டு, ஒரு முழம் என்று எழுதினான். பக்கத்தில் அளந்தவர் என்று ஒரு கட்டம். காலையிலிருந்து அதில் அண்ணி பெயரே இருந்தது. அதற்குக் கீழே நல்லசிவம் என்று எழுதினான், எழுத்து கொஞ்சம் கோணிற்று, ஈரக் கை. சிவப்புப் பொத்தானை அழுத்தினான். முனகல் நின்றதும் காடு முழுக்கக் காது அடைத்த மாதிரி ஆனது. வண்டித்தடத்தில் கடைசித் தண்ணீர் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் தூண் தூணாக நானூறு தூண், ஆயிரத்து அறுநூறு கள்ளி, பச்சையாக, ஒன்றும் அறியாமல். இரும்பு மூடி கொட்டகையில் இருக்கிறது, வெல்டரைக் கூப்பிட வேண்டும். ஆனால் மோட்டாரை நிறுத்தினாலும் சோதனை முடிவதில்லை, தண்ணீர் திரும்ப ஏறுவதையும் அளக்க வேண்டும், போர் மூடப்படப் போகிறதென்றாலும். முதல் பத்து நிமிஷம், நிமிஷத்துக்கு ஒரு தரம். நாடாவை விட்டான். கீ.